எப்படி இயங்குகிறது? செண்டிப்பூப் பாத்தியும் இட்லி மாவும்

இட்லி மாவை மேலே தூக்குவது உளுந்து. அரிசியை மட்டும் அரைத்து வைத்தாலும் விடிவதற்குள் புளிக்கும், ஆனால் பொங்காது. நுண்ணுயிர்கள் விடுகிற கரியமில வாயு வந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். உளுந்தின் வழவழப்பான பசையும் புரதமும் அந்தக் குமிழிகளைச் சுற்றிப் படிந்து பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பாத்திரத்தில் பாதி இருந்த மாவு காலையில் விளிம்பைத் தொடுகிறது. கிரைண்டரில் உளுந்து பதமாக அரைபட்டதா என்று பார்க்க, ஒரு சொட்டு மாவைத் தண்ணீர் டம்ளரில் போடுவார்கள். மிதந்தால் வழிக்கலாம். மூழ்கினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடவேண்டும்.

மண்ணுக்கும் ஒரு டம்ளர் சோதனை இருக்கிறது. பாத்தியிலிருந்து நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்றை எடுத்து நிழலில் நன்றாக உலர்த்துங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கட்டியை மெதுவாக அதில் இறக்குங்கள். குப்பையே காணாத செம்மண் கட்டி என்றால் சில நிமிஷத்தில் ஓரம் உதிர்ந்து, நடுவில் பிளந்து, சேறாக அடியில் படிந்துவிடும். தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறும். வருஷா வருஷம் குப்பை அடித்த பாத்தியின் கட்டி குமிழி விட்டபடி உருக்குலையாமல் கிடக்கும். தண்ணீரும் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். இரண்டிலும் இருப்பது அதே மணலும் களியும்தான். ஒன்றில் பசை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

அந்தப் பசையைக் கடையில் வாங்க முடியாது. மட்கும் இலைதழையைத் தின்று வாழ்கிற பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு கோந்தைச் சுரக்கின்றன. பூஞ்சைகள் கண்ணுக்குத் தெரியாத இழைகளை மண்ணுக்குள் ஓட்டுகின்றன. கோந்து ஒட்டி, இழை கட்டி, மணலும் களியும் மட்கும் சேர்ந்து குருணை குருணையாகத் திரள்கின்றன. குருணைக்கும் குருணைக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளி வழியாக மழைநீர் இறங்குகிறது, காற்று நுழைகிறது, வேர் போகிறது. குருணைக்கு உள்ளே இருக்கிற நுண்ணிய துளைகளில் தண்ணீர் தங்கி நிற்கிறது. மாவில் வாயுவைப் பிடித்து வைக்கும் உளுந்தின் வேலையை மண்ணில் இந்தக் கோந்து செய்கிறது. நல்ல மண் கையில் பொலபொலவென்று உதிர்வதன் காரணம் இதுதான்.

இதைக் குடுமியான்மலைச் செம்மண்ணை வைத்துப் பார்க்கலாம்; அதற்குக் காரணம் உண்டு. புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள இந்த ஊர் வெளியாருக்குச் சிகாநாதர் கோயிலாலும், குன்றின் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டாலும் தெரியும். கோயிலின் தலபுராணமே ஒரு பூவில்தான் தொடங்குகிறது. சாமிக்கு வந்த பூவை அர்ச்சகர் தன் காதலிக்குச் சூட்டிவிடுகிறார். ராஜா திடீரென்று வந்து நிற்க, அதே பூவையே எடுத்துப் பிரசாதமாகக் கொடுக்கிறார். பூவில் முடி ஒட்டியிருக்கிறது. சாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் சொல்ல, அவரைக் காப்பாற்றச் சாமியும் குடுமியோடு காட்சி தருகிறார் என்பது கதை. விவசாயிகளுக்கு இந்த ஊர் வேறு வகையில் பழக்கம். அண்ணா பண்ணை இங்கேதான் இருக்கிறது; அரசு தோட்டக்கலைப் பண்ணையும், வேளாண்மை அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மாநில விரிவாக்க மேலாண்மை நிலையமும் இங்கேதான். 2014-ல் வேளாண்மைக் கல்லூரியும் வந்தது. இத்தனையும் நிற்பது கடினமான ஒரு மண்ணின்மேல். மாவட்டத்தின் பெரும்பகுதியைப் போலவே இந்தப் பக்கமும் பாறை சிதைந்து உருவான செம்மண். இரும்பு ஆக்சைடு கொடுத்த சிவப்பு. மணற்பாங்கு அதிகம், மட்கு குறைவு. மேலே காய்ந்தால் ஓடு கட்டும். பல இடங்களில் கீழே ஒரு கடினத் தட்டும் இருக்கும். மண் பரிசோதனைச் சீட்டில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று எழுதுவார்கள். செம்மண் தோட்டக்காரர்கள் பலருக்கும் பழக்கமான சொல் அது.

இந்த மண்ணில் மாமரம் வைத்தால் மரம் காத்திருக்கும். முதல் இரண்டு வருஷம் சத்து போதாவிட்டாலும் வேரை ஆழமாக விட்டுத் தேடிக்கொள்ளும். செண்டிப்பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஆஸ்டர், ஜீனியா எல்லாம் அப்படிக் காத்திருக்க முடியாதவை. ஒரே பருவத்தில் முளைத்து, வளர்ந்து, பூத்து, விதைத்து, முடிந்துபோகிறவை. செண்டி நாற்று நட்டால் சுமார் 60 நாளில் முதல் பூப்பறிப்பு. நாலைந்து மாதத்தில் செடியின் ஆயுளே முடிந்துவிடும். அதன் வேர்களில் பெரும்பங்கு மேல் ஓரடி மண்ணுக்குள்ளேயே இருக்கும். நட்ட நாளிலிருந்து மொட்டு வைக்கும் வரை கிடைக்கிற அந்தச் சில வாரங்களில் என்ன சாப்பிட்டதோ அதுதான் பூவாக வரும். ஆகவே பருவச் செடிக்கு மண் தயாரிப்பதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்: நாற்று வருவதற்கு முன்பே மாவு பொங்கியிருக்கவேண்டும். நாற்றை நட்டுவிட்டுப் பச்சைச் சாணத்தையும் காய்ந்த சருகையும் அடியில் கொட்டுவது, ஊறவைத்த அரிசியை இட்லித் தட்டில் ஊற்றுவதற்குச் சமம்.

ஏன் என்பதை அளவுக் கணக்கோடு பார்க்கலாம். இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. அரிசி பெரும்பாலும் மாவுச்சத்து. உளுந்தில்தான் புரதம் அதிகம். மண் நுண்ணுயிர்களின் சமையலிலும் இந்த இரண்டு வகைதான். வைக்கோல், சருகு, தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றில் கரி அதிகம், தழைச்சத்து குறைவு. இவை அரிசிப் பக்கம். சாணம், பச்சைத் தழை, சமையலறைக் காய்கறிக் கழிவு ஆகியவற்றில் தழைச்சத்து கூடுதல். இவை உளுந்துப் பக்கம்.

பாக்டீரியாவின் உடம்பில் சுமார் 8 பங்கு கரிக்கு 1 பங்கு தழைச்சத்து இருக்கிறது. தின்பதில் மூன்றில் இரண்டு பங்குக் கரியை அது மூச்சாக விட்டுவிடும். அதாவது 8 பங்கை உடம்பில் சேர்க்க 16 பங்கை எரிக்கும். மொத்தம் 24 பங்கு கரிக்கு 1 பங்கு தழைச்சத்து இருந்தால் அதற்குச் சாப்பாடு சரியாக இருக்கும். எருக்குழிக்கு 25-லிருந்து 30-க்கு 1 என்று சொல்கிற அளவு இந்தக் கணக்கை ஒட்டி வந்ததுதான். வைக்கோலில் இது ஏறக்குறைய 80-க்கு 1. வைக்கோலை அப்படியே மண்ணில் கிளறி விட்டால் நுண்ணுயிர்களுக்குத் தீனி மலையாகக் கிடைக்கும், ஆனால் தழைச்சத்து போதாது. குறைகிறதை அவை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடியின் வேரைவிட நுண்ணுயிர்கள் வேகமானவை. போட்டியில் செடிதான் தோற்கும். அடி இலைகள் முதலில் வெளுத்து மஞ்சளாகும், செடி குட்டையாக நின்றுவிடும். சில வாரம் கழித்துத் தீனி தீர்ந்து, நுண்ணுயிர்கள் செத்து, பிடித்துவைத்த தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பும்தான். ஆனால் செண்டிக்கு மொட்டு வைக்கும் பருவம் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

குழியில் மட்கவைப்பது அந்தச் சண்டையை முன்கூட்டியே வேறு இடத்தில் முடித்துவிடுகிற ஏற்பாடு. முறை பெரிதாக ஒன்றுமில்லை. சருகு, வைக்கோல், சோளத்தட்டை போன்றவற்றைச் சிறுசிறு துண்டாக நறுக்கிப் போட வேண்டும். அரைபடாத அரிசி புளிக்காத மாதிரி, நறுக்காத தட்டையும் எளிதில் மட்காது. அதன்மேல் பச்சைத் தழை. கிளிரிசிடியா, வேம்பு, எருக்கு, கொழிஞ்சி, எது கிடைக்கிறதோ அது. இந்தச் செம்மண் காட்டில் தானாகவே முளைக்கிற கொழிஞ்சி பயறு வகையைச் சேர்ந்தது. காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்து வைத்திருப்பது. இதே மாவட்டத்தின் ஓடுகம்பட்டியில் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் பங்கெடுத்து உருவாக்கிய பண்ணைக்குக் கொழிஞ்சி என்றே பெயர். பச்சைத் தழைக்கு மேல் சாணக் கரைசல். மாவு சீக்கிரம் புளிக்கப் பழைய மாவில் ஒரு கரண்டி கலப்பதைப் போல, பழைய எருவில் ரெண்டு கூடையைப் போட்டால் போதும். தேவையான நுண்ணுயிர்கள் அதிலேயே இருக்கின்றன. பிறகு மறுபடி சருகு, மறுபடி தழை. பிழிந்தால் சொட்டாமல் கையில் ஈரம் மட்டும் ஒட்டுகிற பதத்துக்குத் தண்ணீர்.

1920-களில் இந்தூரில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹோவர்ட், நம் நாட்டு விவசாயிகளின் குப்பைக்குழியையும் சீனத்து முறைகளையும் பார்த்து ஒழுங்குபடுத்தியதுதான் உலகம் முழுக்க ‘இந்தூர் முறை’ என்று பரவியது. யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அவர் 1931-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இன்று வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் கம்போஸ்ட் என்று பெருமையோடு செய்கிற அடுக்குக்குழியின் ஒரு வேர் நம் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இருந்தது.

ஒரு இடத்தில் மாவும் குழியும் பிரிகின்றன, அதைத் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது. இட்லி மாவை மூடி வைத்துவிட்டால் போதும். அதைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களுக்குக் காற்று அவசியமில்லை. எருக்குழியில் வேலை செய்கிறவற்றுக்குக் காற்று வேண்டும். காற்று கிடைத்தால் நடுக்குழி 55, 60 டிகிரி வரை சூடேறும். இரும்புக் கம்பி ஒன்றை நடுவில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது. அந்தச் சூட்டில் களை விதைகளும் பல நோய்க் கிருமிகளும் சாகும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிளறி, ஓரத்தில் கிடப்பதை நடுவுக்குத் தள்ளவேண்டும். காற்று இல்லாமல் அமுங்கிப்போன குழி அழுகிய முட்டை வாடை அடிக்கும். மூத்திர நெடி அடித்தால் உளுந்துப் பக்கம் அதிகம் என்று அர்த்தம். சருகு சேர்த்துக் கிளறினால் தணியும். சூடு முற்றிலும் ஆறி, போட்டது எது என்று அடையாளம் தெரியாமல் கறுப்பாக உதிர்ந்து, முதல் மழையின் மண்வாசனை வந்துவிட்டால் எரு ரெடி.

இந்த மாவட்டத்தில் கொட்டிக் கிடக்கிற இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் தென்னை அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது போக மிச்சமும், பிறகு நட்டதும் இருக்கின்றன. கயிற்று ஆலை உள்ள இடத்தில் நார்க்கழிவு குவியும். பார்க்க மட்கிய எரு மாதிரியே பழுப்பாக, பொலபொலவென்று இருக்கும். தொட்டிச் செடிக்கு நல்லது என்று நேராக வாங்கிப் பாத்தியில் கொட்டுகிறவர்கள் உண்டு. பச்சை நார்க்கழிவில் கரியும் தழைச்சத்தும் 112-க்கு 1. அதோடு எளிதில் மட்காத லிக்னினும் நிறைய. அரிசியே அல்ல, உமி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கரைக்கச் சாதாரண பாக்டீரியாவால் ஆகாது. மரத்தைத் தின்கிற பூஞ்சை வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் பூஞ்சையை வைத்து இதற்கு ஒரு முறை வகுத்தது. நார்க்கழிவையும் காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கி ஈரமாக வைத்தால், 112 என்பது 24-க்கு இறங்குகிறது. அப்படி மட்கிய நார்க்கழிவு செம்மண்ணுக்கு அருமையான சேர்க்கை. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மட்காதது பாத்தியில் இருக்கக் கூடாது.

அளவுக்கு வருவோம். செண்டிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழுஉரம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. வீட்டுத் தோட்டக் கணக்கில் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 100 கிலோ, ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. ஒரு கூடை எருவைக் கொண்டுபோய் முழுப் பாத்திக்கும் தூவுகிறவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும். ஆனால் செம்மண்ணுக்கு இதுதான் அளவு. இதை ஒரு தடவை போட்டு முடித்துக்கொள்ளவும் முடியாது. சித்திரை வெயிலில் மாவு சில மணி நேரத்தில் புளித்து வழிவது நமக்குத் தெரியும். மார்கழியில் விடிந்தும் பொங்காமல் கிடப்பதும் தெரியும். மண்ணில் மட்கு கரைவதும் அதே வெயில் கணக்குதான். குளிர்நாட்டு மண்ணில் பல வருஷம் தங்குகிற மட்கு நம் வெயிலில் மளமளவென்று எரிந்துபோகும். அந்த நாட்டுத் தோட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு முறை எரு போட்டு நிம்மதியாக இருப்பது இங்கே ஒத்துவராது. ஒவ்வொரு பருவத்துக்கும் போடவேண்டும்.

எரு மட்டும் இருந்து களி இல்லாவிட்டால் குருணை திரளாது. மணல் அதிகமான பாத்திக்குக் கண்மாய் வண்டல் கைகொடுக்கும். புதுக்கோட்டை கண்மாய்களின் மாவட்டம். கோடையில் தரை தெரியும்போது வண்டல் அள்ளிவந்து வயலில் கொட்டுவது தலைமுறை வழக்கம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி எடுக்கலாம். வண்டலின் நுண்ணிய களியும் எருவின் மட்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். களியோடு ஒட்டிய மட்கு சீக்கிரம் எரிந்துபோகாது. வண்டலைப் பாத்திமேல் தடித்த படலமாக விட்டுவிடாமல் எருவோடு சேர்த்துக் கொத்திக் கலக்கவேண்டும். மேல் மண் ஓடு கட்டுகிற நிலத்துக்குப் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 2 டன் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம், 12.5 டன் தொழுஉரம் அல்லது மட்கிய நார்க்கழிவு. சென்ட்டுக்கு 8 கிலோவும் 50 கிலோவுமாக வரும். செண்டிக்கு 100 கிலோ போடுகிறவருக்கு எரு அதிலேயே அடங்கிவிடும். கீழே தட்டு இருந்தால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உளிக்கலப்பை ஓட்டவேண்டும், மூணு வருஷத்துக்கு ஒரு முறை. வீட்டுத் தோட்டத்தில் கடப்பாரையால் குத்திக் கிளப்பினாலே போதும்.

ஓடு எப்படிக் கட்டுகிறது என்பதை ஐப்பசி மழையில் பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். பெரிய துளி வெறும் மண்ணில் விழுந்ததும் குருணை உடைகிறது. உடைந்த பொடி தண்ணீரோடு நகர்ந்து அடுத்த குருணையின் இடைவெளியில் போய் அடைக்கிறது. பத்து நிமிஷ மழையில் மேல்பரப்பு மெழுகிய தரையாகிவிடும். அடுத்து விழும் தண்ணீர் இறங்காமல் செந்நீராக ஓடும். மறுநாள் வெயிலில் அந்தப் படலம் காய்ந்து இறுகும். கடுகைவிடச் சிறிய கோழிக்கொண்டை விதை அதற்கடியில் முளைத்தால் முட்டி முட்டி மடங்கிப்போகும். இதைத் தடுக்க ரெண்டே வழி. ஒன்று, உடையாத அளவுக்குக் குருணையில் கோந்து இருக்கவேண்டும். இன்னொன்று, துளி மண்ணைத் தொடாதபடி மூடாக்கு போடவேண்டும். நட்ட நாற்றுக்கு வைக்கோலோ சருகோ மேலே பரப்பினால் அது தழைச்சத்தைத் திருடாது. மண்ணோடு கிளறிவிட்டால்தான் திருட்டு. சின்ன விதைகளை மேட்டுப்பாத்தியில் கோடு கிழித்து விதைத்து, அதே மண்ணால் மூடாமல் சலித்த எருவை மெல்லிசாகத் தூவி மூடினால் ஓடு கட்டாமல் முளைத்துவிடும்.

இனி நாள் கணக்கு. பொங்கலுக்குப் பூ வேண்டும் என்றால் புரட்டாசி முதல் வாரத்தில் செண்டி விதை நாற்றங்காலில் விழவேண்டும். ஒரு சென்ட்டுக்கு 6 கிராம் விதை தாராளம். ஒரு மாதத்தில் நாற்று. ஐப்பசி முதல் வாரம் நடவு. மார்கழி தொடக்கத்தில் முதல் பூ. தை பிறக்கும்போது செடி முழு வீச்சில் இருக்கும். ஆயுதபூஜைக்கு என்றால் ஆனி மாதமே விதைக்கவேண்டும். 45-க்கு 35 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சென்ட்டில் சுமார் 250 செடி பிடிக்கும். நட்ட ஒரு மாதத்தில் நுனி கிள்ளினால் பக்கக் கிளை பெருகும். கிள்ளத் தயங்குகிறவர்களுக்கு உயரமான செடியும் கொஞ்சம் பூவும்தான் கிடைக்கும்.

பொங்கல் பூவுக்குத் திட்டமிடுகிறவருக்கு ஆனியிலிருந்து புரட்டாசி வரை பாத்தி சும்மா கிடக்கிறது. அதை அப்படி விடுவதற்கு மனசு வருவதில்லை, விடவும் தேவையில்லை. உளுந்து விதைக்கலாம். சமையலறையில் மாவைப் பொங்கவைத்த அதே உளுந்து வயலிலும் வேலைக்கு வரும். இந்த மாவட்டத்தின் வம்பனில்தான் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது; வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 உளுந்து ரகங்கள் அங்கிருந்து வந்தவை. 65-லிருந்து 75 நாளில் முடிகிற பயிர். ஒரு செடியை ஈர மண்ணோடு தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அதற்குள் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அடுத்த தடவை விதையை ரைசோபியம் கலந்து விதைக்கவேண்டும். நெற்றைப் பறித்துக்கொண்டு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு மடக்கிக் கொத்திவிட்டு, எருவும் கலந்து, மூணு நாலு வாரம் ஈரத்தில் ஆறப்போடுங்கள். நாற்று வந்து சேரும்போது மாவு பதமாக இருக்கும்.

யூரியாவைப் பற்றிக் கேட்பார்கள். செண்டிக்கு ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து, 75 கிலோ சாம்பல்சத்து. தழைச்சத்தில் பாதியை அடியுரமாகவும், மீதியை நட்ட 45-ஆம் நாள் மேலுரமாகவும் கொடுக்கச் சொல்கிறார்கள். பூவை விற்றுப் பிழைக்கிறவர் அதைக் கொடுக்கத்தான் வேண்டும்; செடிக்கு அது உடனே கிடைக்கிற சாப்பாடு. ஆனால் புளிக்காத மாவில் ஆப்பசோடா போட்டால் இட்லி உப்பும், ருசி வராது. யூரியா கோந்து செய்யாது, குருணை கட்டாது. குருணை இல்லாத செம்மண்ணில் போட்ட தழைச்சத்தில் ஒரு பங்கு அடுத்த மழையோடு கீழே இறங்கி வேருக்கு எட்டாமல் போகும். மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். மட்கு இருக்கும் மண்ணில் மணிச்சத்து கூடுதலாக வேருக்குக் கிடைக்கிறது. எருவில் கலந்து போடுகிற பாஸ்போபாக்டீரியாவும் அதற்கு உதவுகிறது. வாங்கின உரம் முழுசாகப் பலிக்கவும் எருதான் வேண்டும்.

மாசியில் செண்டி ஓய்ந்ததும் செடியை வேரோடு பிடுங்கி எறியாதீர்கள். தரைமட்டத்தில் அறுத்து, தண்டை நறுக்கிக் குழியில் போட்டுவிட்டு, வேரை மண்ணிலேயே விட்டுவிடலாம். செண்டி வேரில் இருக்கிற ஆல்ஃபா தெர்தைனைல் என்ற பொருள் வேர்முடிச்சு நூற்புழுக்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே அடுத்து அதே பாத்தியில் நூற்புழுவுக்கு அதிகம் ஆளாகிற தக்காளியையோ கத்தரியையோ வைக்கலாம். வரப்போரம் நாலு செண்டிச் செடி வைத்தால் இந்தப் பலன் வராது. பாத்தி முழுக்க ஒரு பருவம் செண்டி நின்றிருக்கவேண்டும். விதை எடுக்க நினைத்தால் முதல் ரெண்டு பறிப்பில் நன்றாகத் திரண்ட பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு, நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் கட்டி வையுங்கள். வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அந்த விதை தாய்ச்செடி மாதிரியே வராது. அதற்குப் புது விதைதான் வாங்கவேண்டும்.